157 மீட்டர் கோபுரமும் அப்பாவோட தூக்குக்குண்டும்

ஆபீஸ் வேலையா ரெண்டு வாரம் ஜெர்மனி போயிருந்தேன், நடுவுல ஒரு சனிக்கிழமை சும்மா கெடைச்சது, ரூம்ல படுத்துக் கெடக்குறதுக்கு எங்கயாவது போவோம்னு ட்ரெயின் ஏறி கொலோன் போய் இறங்கினேன். பெரிய பிளான் எல்லாம் ஒண்ணும் கெடையாது. அந்த ஊர்ல ஒரு பெரிய கதீட்ரல் இருக்கு, ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயே இருக்குன்னு மட்டும் தெரியும்.

பக்கத்துலன்னா எவ்ளோ பக்கம்னு வெளிய வந்தப்ப தான் தெரிஞ்சுது. ஸ்டேஷன் வாசல்ல கால வச்சு நிமிர்ந்தா எதிர்ல வானமே இல்லங்க, சுவர் தான் இருக்கு. கரேர்னு ஒரு சுவர், மேல போகப் போக கூர் கூரா, முள்ளு முள்ளா போய்க்கிட்டே இருக்கு. கழுத்த எவ்ளோ பின்னாடி சாய்ச்சாலும் உச்சி தெரியல, ரெண்டு மூணு பேர் என் மேல இடிச்சிட்டுப் போனாங்க, நான் தான் வழிய மறிச்சு நின்னிருக்கேன்.

முன்பக்க மைதானத்துக்குப் போய் போட்டோ எடுக்கலாம்னு போன தூக்கினா ஒரு கோபுரத்துல பாதி ஒசரத்துக்கு மேல சாரம் கட்டி வச்சிருக்காங்க. எனக்கு வந்துச்சே ஒரு கடுப்பு. இவ்ளோ தூரம் வந்து சாரத்தோட ஒரு போட்டோவா. அப்படியும் இப்படியும் நகந்து நகந்து சாரம் தெரியாம எடுக்கப் பாத்தேன், நடக்கல. சரி போகட்டும்னு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன், அங்க சாயங்காலம், சும்மா தான் இருப்பாரு.

எங்கப்பா கொத்தனார். நாப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்துட்டாரு, இப்ப முட்டி வலின்னு கரண்டிய கீழ வச்சாச்சு, ஆனா தெருவுல எங்க கட்டடம் எழும்பினாலும் அங்க போய் நின்னு பாத்துட்டு தான் வருவாரு. நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது லீவு நாள்ல சைட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரு, சுவர் நேரா நிக்குதான்னு பாக்குற தூக்குக்குண்டு நூல மேல பிடிச்சுக்கிட்டு நிக்கிறது என் வேலை. ஆடாம பிடிக்கணும். ஆடுச்சுன்னா திட்டு விழும்.

போன திருப்பி கோபுரத்தக் காட்டினேன். "ஆத்தி"ன்னு ஒண்ணு சொல்லுவாருன்னு எதிர்பாத்தேன். அவரு கேட்ட முதல் கேள்வி, "தீப்பிடிச்சுதா பாப்பா? இவ்ளோ கருப்பா இருக்கு?"

நியாயமான கேள்வி தான். கல்லோட சொந்த நெறம் இது இல்ல, புதுசா வச்ச கல்லெல்லாம் வெளிர் சாம்பலா, சில இடத்துல மஞ்சளா இருக்கு, பழசு தான் கருப்பு. நிலக்கரிப் புகை, பக்கத்துல ஓடுன நீராவி ரயிலு, தொழிற்சாலை, எல்லாம் சேந்து காத்துல இருந்த கந்தகம் மழைத் தண்ணியோட கல்லுல எறங்கி மேல ஒரு கருப்புப் பொறுக்கு மாதிரி கட்டிடுது. பாக்க கம்பீரமா இருக்குன்னு நாம போட்டோ எடுக்குறோம், ஆனா சில வகைக் கல்லு அதுக்கு உள்ள பொடியா உதிர்ந்துக்கிட்டு இருக்குமாம். இதச் சொன்னதும் அப்பா, "அப்ப அந்த சாரத்தக் காட்டு, அத ஜூம் பண்ணு"ன்னுட்டாரு. நான் மறைக்கப் பாத்த சாரத்த அவரு அஞ்சு நிமிஷம் பாத்தாரு. "கீழருந்து வரலயே, நடுவுல எதுல நிக்குது? தொங்க விட்டுருக்கானா? ஆள் இருக்கா பாரு, ஆளு." சனிக்கிழமைங்கிறதால ஆள் யாரும் கண்ணுல படல. அவருக்கு ஏமாத்தம்.

இந்தக் கட்டடத்துக்குன்னே ஒரு நிரந்தரப் பட்டறை இருக்கு, கல்தச்சருங்க, கொல்லருங்க, தச்சருங்க, கண்ணாடி வேலை செய்றவங்க, சாரம் கட்டுறவங்கன்னு எல்லாரும் மாசச் சம்பளத்துக்கு. வருஷம் பூரா வேலை. ஒரு பக்கம் முடிச்சுட்டு அடுத்த பக்கம் போவாங்க, அது முடியுறதுக்குள்ள மொதப் பக்கம் மறுபடி கைய நீட்டும். ஊர்க்காரங்க ஒண்ணு சொல்லுவாங்களாம், கதீட்ரல் வேலை என்னைக்கு முடியுதோ அன்னைக்கு உலகம் அழிஞ்சிடும்னு. அப்பா இதக் கேட்டுட்டு, "நல்ல மேஸ்திரி தான் இதக் கெளப்பி விட்டுருப்பான்"னாரு.

ஒசரம் 157 மீட்டர்னு சொன்னேன். அடியில சொல்லுன்னாரு. 500 அடிக்கு மேல, 515 வரும். அப்புறம் போர்டுல இருந்ததப் படிச்சேன், வடக்குக் கோபுரம் தெக்குக் கோபுரத்த விட 7 சென்டிமீட்டர் ஒசரம்னு. அப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு. மூணு இன்ச் கூட இல்ல, 515 அடியில! "நம்ம காம்பவுண்டு சுவர்லயே ரெண்டு இன்ச் ஓடும் பாப்பா, அதுவும் நானே கட்டுனது." அப்புறம் சிரிப்ப நிறுத்திட்டு, "இத எந்தக் காலத்துல கட்டுனான், அப்ப ரசமட்டம் இருந்துச்சா?"ன்னாரு.

அங்க தான் கதையே இருக்கு. ஒரே காலத்துல கட்டல.

1164ல ஒரு பேராயர் இத்தாலியில மிலான்லருந்து மூணு ராஜாக்களோட எலும்புகள் கொண்டு வந்தாரு, குழந்தை இயேசுவப் பாக்க நட்சத்திரத்தப் பின்தொடர்ந்து வந்தாங்களே அந்த ஞானிகள். அவங்களோடது தான் இதுன்னு நம்பிக்கை. கூட்டம்னா கூட்டம், எங்கெங்கருந்தோ யாத்திரைக்கு வந்தாங்க, பழைய கோயில் பத்தல. 1248 ஆகஸ்ட் 15ல புதுசுக்கு அடிக்கல் போட்டாங்க. பலிபீடம் இருக்குற கிழக்குப் பகுதி முடிஞ்சு அர்ச்சிப்பு ஆனது 1322ல. அதுவே 74 வருஷம். மீதி கட்டுற வரைக்கும் காத்து மழை உள்ள வராம இருக்க அந்தப் பகுதிக்கு மேக்கால ஒரு தற்காலிகச் சுவர் எழுப்பி அடைச்சாங்க. அந்தத் தற்காலிகச் சுவர எப்ப இடிச்சாங்க தெரியுமா? 1863ல. தற்காலிகம்னா இதாங்க தற்காலிகம்.

அடித்தளத்தப் பத்தி அப்பா தனியா கேட்டாரு, "வானம் எவ்ளோ ஆழம் பறிச்சிருக்கான்?"னு. சுமார் 15 மீட்டர். அம்பது அடி. பக்கத்துலயே ரைன் நதி ஓடுது, மெஷின் கெடையாது, பம்பு கெடையாது, கையால வெட்டிக் கூடையில அள்ளின மண்ணு. உள்ள கருங்கல் மாதிரியான பசால்ட்டும் எரிமலைச் சாம்பல் இறுகுன கல்லும் மாத்தி மாத்தி அடுக்கி, நடுவுல கலவை போட்டு ஏத்தியிருக்காங்க. "அம்பது அடி"ன்னு அவருக்குள்ள அவரே சொல்லிக்கிட்டாரு. கோபுரத்தக் காட்டினப்போ வராத மரியாதை இதுக்கு வந்துச்சு.

சுத்தி நடந்து கிழக்குப் பக்கம் போனா வெளிய எலும்புக்கூடு மாதிரி கல் வளைவுகள் சுவர்லருந்து கெளம்பி தள்ளி நிக்குற தூணுல போய் சாயுது. எனக்கு அது அலங்காரம். அப்பா பாத்த ஒடனே, "முட்டு குடுத்திருக்கான்"னாரு. கரெக்ட். உள்ள கல்லாலான கூரை 43 மீட்டர் ஒசரத்துல இருக்கு, அது வளைவா இருக்குறதால கீழ மட்டும் அழுத்தாது, ரெண்டு பக்கமும் சுவர வெளிய தள்ளும். அந்தத் தள்ளல இந்த வளைவுகள் வாங்கி வெளித் தூணு வழியா மண்ணுக்கு எறக்கிடுது. அதனால சுவருக்குப் பெருசா வேலை இல்ல, சுவர எடுத்துட்டு முழுக்க கண்ணாடிய வச்சுக்கலாம். தூணு தலையில கூர் கூரா நிக்குற கல்லு கூட வெறும் அழகுக்கு இல்லையாம், அந்த எடை கீழ அமுக்குறதால தூணு சாயாது. இதையும் அப்பாவே தான் சொன்னாரு, "மேல கனம் வச்சா தான்மா நிக்கும்"னு, நான் அப்புறமா படிச்சு சரி பாத்துக்கிட்டேன்.

உள்ள நுழைஞ்சதும் வீடியோ கால கட் பண்ணாம மெதுவா போன மார்போட பிடிச்சுக்கிட்டு நடந்தேன். தப்பு தான். சிவப்பு அங்கி போட்ட கோயில் காவலர் ஒருத்தர் பாத்து உதட்டுல விரல வச்சாரு, ஏன்னா அப்பா ஸ்பீக்கர்ல "தூணு தூணு தூணக் காட்டு"ன்னு கத்திக்கிட்டு இருந்தாரு. கட் பண்ணிட்டேன்.

தனியா பாத்த அந்த அரை மணி நேரத்தப் பத்தி எழுத வார்த்தை தேடிப் பாத்தேன், சரியா வரல. 144 மீட்டர் நீளம். தூணுங்க நேரா போய் மேல எங்கயோ விரல் விரலா பிரியுது. ஒரு பக்கச் சிற்றாலயத்துல ஒரு மரச்சிலுவை, பத்தாம் நூற்றாண்டு, இந்தக் கட்டடத்த விடவே ஏறக்குறைய முந்நூறு வருஷம் மூத்தது. அதுல இயேசு ஜெயிச்ச ராஜா மாதிரி இல்ல, செத்துப்போன ஒரு மனுஷனா தலை தொங்கி, வயிறு முன்னாடி சரிஞ்சு இருக்காரு. ஆள் ஒசரம். அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னேன். மூணு ராஜாக்களோட தங்கப் பேழை பலிபீடத்துக்குப் பின்னாடி கண்ணாடிக்குள்ள இருக்கு, சின்னக் கோயில் மாதிரியே செஞ்சிருக்காங்க, கூட்டத்துல முண்டியடிச்சு பாத்தது தான், தங்கம் மின்னிச்சு, அவ்ளோ தான் ஞாபகம்.

தெக்குப் பக்க ஜன்னல் ஒண்ணு வேற மாதிரி. ரெண்டாம் உலகப் போர்ல பழைய கண்ணாடி போயிடுச்சு, 2007ல கெர்ஹார்ட் ரிக்டர்ங்கிற ஓவியர் புதுசா வடிவமைச்சது. புனிதர் உருவமோ கதையோ எதுவும் இல்ல, 72 நெறத்துல 11,263 சின்னச் சின்ன சதுரம், அவ்ளோ தான். எந்த நெறம் எங்கங்கிறத பெரும்பாலும் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு பண்ணிச்சாம். அப்போதைய பேராயருக்கே பிடிக்கலன்னு அது ஒரு பெரிய பேச்சா ஆச்சு. எனக்கு தள்ளி நின்னு பாக்குறப்போ டிவில சேனல் வராதப்ப புள்ளி புள்ளியா ஆடுமே அது தான் ஞாபகம் வந்துச்சு, ஆனா வெயில் மேகத்துலருந்து வெளிய வந்துச்சு பாருங்க, தரை, தூணு, முன்னாடி நின்ன ஒரு பாட்டியோட வெள்ளத் தலைமுடி எல்லாத்துலயும் நெறம் வந்து விழுந்துச்சு. பாட்டிக்குத் தெரியாது. தலையில பச்சையும் ஊதாவுமா நின்னுக்கிட்டு மொபைல்ல எதையோ தேடிக்கிட்டு இருந்தாங்க.

வெளிய வந்து மறுபடி கால் போட்டேன், மீதிக் கதையச் சொல்லணும்ல. கெழக்குப் பக்கம் முடிஞ்சு மத்த வேலையெல்லாம் ஆமை வேகத்துல போச்சு. 1560ல காசு இல்லன்னு முழுசா நிறுத்திட்டாங்க. தெக்குக் கோபுரம் மொட்டையா பாதியில நின்னுச்சு, அதோட தலையில கல் தூக்குற மரக் கிரேன் அப்படியே இருந்துச்சு. பெரிய சக்கரத்துக்குள்ள ஆளுங்க நடந்து மிதிச்சா கல்லு மேல வருமே, அந்த வகை. அத யாரும் எறக்கல. 1868 வரைக்கும் அது அங்கயே நின்னுச்சு! முந்நூறு வருஷத்துக்கு மேல கொலோன் ஊருன்னாலே படத்துல எல்லாம் பாதிக் கோபுரமும் மேல வளைஞ்ச ஒரு கிரேனும் தான். புள்ள பொறந்து, வளந்து, கெழவனாகி செத்துருப்பான், அவன் வாழ்க்கை பூரா கிரேன் அசைஞ்சிருக்காது.

அப்பா கொஞ்ச நேரம் பேசல. நெட் போயிடுச்சோன்னு பாத்தேன். அப்புறம், "கழட்டியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும்"னாரு.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. எங்க வீட்டு மொட்டை மாடியில நாலு மூலையிலயும் பில்லர் கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு, மேல ஒரு மாடி எடுக்கலாம்னு விட்டு வச்சது, நான் எட்டாவது படிக்கும்போது. அப்புறம் அக்கா கல்யாணம், என் காலேஜ், அம்மா ஆபரேஷன். துணி காயப் போட கொடி கட்டியிருக்கோம் அதுல. அறுத்துடலாம்ப்பா துருப்பிடிச்சு நிக்குது, பாக்கவே நல்லா இல்லன்னு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன், அவரு காதுலயே வாங்க மாட்டாரு. பேச்ச மாத்துறதுக்கு நான் பிளான் கதைக்குப் போயிட்டேன்.

ஏன்னா வேலை நின்னு போச்சு சரி, மறுபடி ஆரம்பிக்கணும்னா பழைய ஆளு என்ன நெனச்சிருந்தான்னு தெரியணுமே. முன்பக்கம் முழுசையும் தோல்ல வரைஞ்ச ஒரு வரைபடம் இருந்துச்சு, 1280 வாக்குல வரைஞ்சது, நாலு மீட்டர் ஒசரம். பிரெஞ்சுக்காரங்க ஊரப் பிடிச்ச காலத்துல அது காணாமப் போச்சு. 1814ல அதுல ஒரு பாதி டார்ம்ஸ்டாட்ங்கிற ஊர்ல ஒரு பரண்ல கெடைச்சது, அது மேல பீன்ஸ் காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்கன்னு கதை சொல்றாங்க. 1816ல இன்னொரு பாதி பாரிஸ்ல கெடைச்சது. ரெண்டையும் ஒட்ட வச்சு பாத்தா அஞ்சு நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் மனசுல இருந்த கோபுரம் முழுசா இருக்கு. 1842ல அப்ப அந்த ஊர ஆண்ட பிரஷ்ய ராஜா மறுபடி கல்லு எடுத்து வச்சாரு, 1880ல முடிச்சாங்க. மொத்தம் 632 வருஷம். முடிச்ச அன்னைக்கு உலகத்துலயே ஒசரமான கட்டடம், நாலு வருஷம் அந்தப் பேரு நிலைச்சது, 1884ல அமெரிக்காவுல வாஷிங்டன் நினைவுத் தூண் வந்து தட்டிட்டுப் போச்சு.

கூரைக்கு உள்ள மரச் சட்டம் இல்ல, 1860கள்ல இரும்புல போட்டாங்க, அந்தக் காலத்துக்கு அது அதி நவீனம். வெளிய பாக்க பதிமூணாம் நூற்றாண்டு, உள்ள ரயில்வே ஸ்டேஷன் டெக்னிக். அது தான் பின்னாடி காப்பாத்துச்சுன்னு சொல்லணும். ரெண்டாம் உலகப் போர்ல பெரிய குண்டே 14 விழுந்துச்சு, சுத்தி ஊரே தரைமட்டம், மேல தீக்குண்டு மழை, மரமா இருந்தா என்னாகியிருக்கும். 1943ல ஒரு குண்டு வடக்குக் கோபுரத்த தாங்குற தூணுல விழுந்து பெரிய பொந்தாக்கிடுச்சு. கோபுரம் சாஞ்சிடும்ங்கிற பயத்துல பட்டாளத்துக்காரங்க அவசர அவசரமா 27,000க்கு மேல செங்கல் வச்சு அந்த ஓட்டைய அடைச்சாங்க.

"செங்கலா! இந்தக் கல்லுக்கு நடுவுல செங்கலா!" அப்பாவுக்கு அன்னைக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது தான். பல்லுல சிமெண்ட் அடைச்ச மாதிரி அந்தச் சிவப்பு ஒட்டு அறுபது வருஷம் அப்படியே கண்ணுக்குத் தெரிஞ்சுது. அப்புறம் பல வருஷம் எடுத்து 2005 வாக்குல அது மேல பழைய மாதிரியே கல்லு போர்த்தி செதுக்கிட்டாங்க. செங்கல் இன்னும் உள்ள தான் இருக்கு. அந்த எடத்துல போய் நின்னு காட்டுனேன், சுத்தி இருக்குற கருப்புக்கு அது கொஞ்சம் வெளுப்பு. "ஜாயிண்டு தெரியல, நல்ல வேலக்காரன்"னு சர்ட்டிபிகேட் குடுத்தாரு. விட்டுருக்கலாமே அப்படியேன்னு எனக்குத் தோணுச்சு, அத சொன்னதுக்கு, "நீ வீட்டுக்கு வெளிய ஒட்டுப் போட்ட சட்டைய போட்டுட்டு போவியா"ன்னு ஒரே போடு.

கல்லு எங்கருந்து வந்துச்சுன்னும் கேட்டாரு. மொதல்ல ரைன் நதி ஓரமா டிராகன்ஃபெல்ஸ்னு ஒரு மலையில வெட்டி படகுல எறக்கியிருக்காங்க. வெட்டி வெட்டி மலையே சரிய ஆரம்பிச்சு, 1836ல அரசாங்கமே அந்தக் குவாரிய வாங்கி வெட்டுறத நிறுத்திடுச்சு. அதனால பத்தொன்பதாம் நூற்றாண்டுல வேலை செஞ்சவங்க வேற வேற எடத்துலருந்து மணற்கல்லு கொண்டு வந்தாங்க, அதுல ஒரு வகை இந்தப் புகையில சீக்கிரமே பொரிய ஆரம்பிச்சிடுச்சு. நூத்தம்பது வருஷத்துக் கல்லு உதிருது, எழுநூறு வருஷத்துக் கல்லு பல எடத்துல இன்னும் நிக்குது. இதுக்கு அப்பா ஒண்ணும் சொல்லல, தெரிஞ்ச விஷயம் தானேங்கிற மாதிரி மூக்கால ஒரு சத்தம் மட்டும்.

சார்ஜ் 12 பர்சென்ட். தெக்குக் கோபுரம் ஏறப் போறேன்ப்பான்னு சொல்லி வச்சுட்டேன். லிஃப்ட் கெடையாது, 533 படி, சுருள் படிக்கட்டு, ஏறுறவங்களும் எறங்குறவங்களும் அதே குறுகல்ல தான், எதிர்ல ஆள் வந்தா சுவரோட சுவரா ஒட்டிக்கணும். பாதி வழியில மணிக் கூடம். 24 டன்னுல ஒரு மணி, 1923ல வார்த்தது. அதுக்கு முன்னாடி இருந்தது இன்னும் பெருசு, போர்ல பிடிச்ச பிரெஞ்சு பீரங்கிய உருக்கி செஞ்சது, அதையே 1918ல போருக்காக மறுபடி உருக்கிட்டாங்க. இப்ப இருக்குற மணியோட நாக்கு 2011 ஜனவரி 6ல, மூணு ராஜாக்கள் திருநாள் அன்னைக்கே, அறுந்து கீழ விழுந்துச்சாம். நல்லவேளை யார் மேலயும் விழல. நான் அங்க நின்னப்ப அடிக்கல, அடிச்சிருந்தா காது என்னாகியிருக்கும்னு நெனச்சுக்கிட்டே மறுபடி ஏறினேன்.

மேல கிட்டத்தட்ட நூறு மீட்டர்ல கம்பி வலை போட்ட மேடை. நதி, ரயில் பாலம், தீப்பெட்டி மாதிரி ஊரு. காத்து பிச்சு எடுக்குது. ஆனா நான் அதிகம் பாத்தது தலைக்கு மேல தான், கீழருந்து யாருமே பாக்க முடியாத ஒசரத்துல கூட இலை இலையா செதுக்கியிருக்கான், ஒரு எலையோட நுனி சுருண்டு இருக்கு, பக்கத்துல இருந்த எலை புதுசு, வெள்ளையா, உளி வரி கூட இன்னும் மழுங்கல. தொட்டுப் பாக்க கை எட்டல.

ராத்திரி ரூமுக்கு வந்து போன சார்ஜ்ல போட்டா அப்பாகிட்டருந்து நாலு வாய்ஸ் மெசேஜ். மொத மூணும் சாரத்தப் பத்தி, தொங்கு சாரத்துக்கு பலகை எப்படிக் கட்டுறான், நாளைக்கு ஆள் வந்தா கேட்டு வை, போட்டோ எடுத்து வை. நாளைக்கு நான் அங்க இருக்க மாட்டேன்னு அவருக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. நாலாவது மெசேஜ் எட்டு செகண்டு தான்.

"533 படின்னியே பாப்பா. நீ எண்ணுனியா, இல்ல அவன் எழுதிப் போட்டத சொல்றியா?"

எண்ணத் தான் ஆரம்பிச்சேன். இருநூத்தி சொச்சத்துல எதிர்ல ஒரு குடும்பம் எறங்கி வந்துச்சு, சுவர்ல ஒட்டி நின்னதுல கணக்கு விட்டுப் போச்சு.